'எடுத்துப் பார்த்து' என்று எழுதினீர்களே, அதுதான் உங்கள் வேலை

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 36. பதினொரு வருடமாக வெல்டிங் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். முதல் ஆறு வருடம் ஸ்பாட் வெல்டிங் (தகடுகளைச் செம்பு முனைகளுக்கு நடுவே அழுத்தி, மின்சாரம் பாய்ச்சிப் புள்ளியாகப் பற்றவைப்பது), அதன் பிறகு ரோபோ செல்லில் (ரோபோ நிற்கும் தனி அடைப்பில்) ஒயரை உருக்கிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங். பாகத்தை ஜிக்கில் (பிடிமானச் சட்டத்தில்) வைப்பது, கிளாம்ப் போடுவது, பட்டனை அமுக்குவது, முடிந்ததை எடுத்துப் பார்த்து அடுக்குவது, ஷிப்ட் முழுக்க இதுதான் வேலை. இப்போது பாகத்தை வைக்கவும் எடுக்கவும் இன்னொரு ரோபோ வரப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள். இணையத்தில் தேடினால், எங்கள் வேலை இயந்திரத்திடம் போக வாய்ப்பு பாதிக்கு மேல் என்று ஒரு சதவீதக் கணக்கு வருகிறது. இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா? ரோபோ புரோகிராம் பயிற்சிக்குக் கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள். சம்பளம் உடனே ஏறாது, நைட் ஷிப்ட் அதிகமாக வரும் என்கிறார்கள். போகலாமா? என் தம்பிக்கு 19 வயது, வெல்டிங் படிக்க ஆசைப்படுகிறான். வேண்டாம் என்று சொல்லிவிடவா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினொரு வருட அனுபவத்தை ஒரே வரியில் அடக்கிவிட்டீர்கள். அந்த வரியில் 'எடுத்துப் பார்த்து' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் பெரும்பாலும் அந்தப் 'பார்த்து' பற்றித்தான். அதற்கு முன்னால் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன்.

வைப்பதும் எடுப்பதும் போகும். கம்பெனி முடிவு செய்துவிட்டது என்றால், உங்கள் செல்லில் அது போகும் நாள் குறித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாகம் ஆயிரக்கணக்கில் ஓடும் இடத்தில், ஒழுங்காக அடுக்கி வரும் பொருளை எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பது ரோபோவுக்குப் பழகிய வேலை. உலகத் தொழிற்சாலைகளில் ரோபோக்கள் மிக அதிகமாகச் செய்வதே அதைத்தான். வெல்டிங் அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. 2023 முடிவில் 42 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலை ரோபோக்கள் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. நீங்கள் ஒரு பொய்யான ஆறுதலை நம்பி இரண்டு வருடத்தை இழந்துவிடக் கூடாது என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

சரி, அந்தச் சதவீதக் கணக்குக்கு வருகிறேன். இப்படிச் சுற்றும் எண்கள் பலவற்றுக்கும் ஊற்று ஒரே ஆய்வுதான். 2013-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் பெனடிக்ட் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன் என்ற இருவர் அமெரிக்காவின் 702 தொழில்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கணினியின் கைக்குப் போக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டார்கள். அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் அதிக ஆபத்தில் இருப்பதாக முடிவு வந்தது. அவர்கள் 702 தொழில்களையும் நேரில் போய்ப் பார்த்து எடை போடவில்லை. 70 தொழில்களை மட்டும் நிபுணர்களோடு உட்கார்ந்து 'முழுவதும் இயந்திரமாக்கலாம்', 'முடியாது' என்று பிரித்தார்கள். பிறகு விரல் நுணுக்கம், நெருக்கடியான இடத்தில் வேலை செய்வது, புதிதாக யோசிப்பது, எதிராளியைப் பேசிச் சம்மதிக்க வைப்பது என்று ஒன்பது குணங்களை வைத்து, மீதித் தொழில்களுக்குக் கணினி மதிப்பெண் போட்டது. எத்தனை வருடத்தில் நடக்கும் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை, ஓரிரு பத்தாண்டுகள் ஆகலாம் என்றார்கள். இயந்திரம் வாங்குகிற செலவு கட்டுபடியாகுமா என்ற கேள்வியும் அந்தக் கணக்கில் இல்லை.

2016-இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்புக்காக வேறு மூன்று ஆய்வாளர்கள் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். தொழிலின் பெயரைப் பார்க்காமல், அந்தப் பெயரில் இருக்கும் ஒவ்வொரு ஆளும் நாள் முழுக்க என்னென்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். 21 நாடுகளின் சராசரியாக அவர்களுக்குக் கிடைத்தது 9 சதவீதம். 47 எங்கே, 9 எங்கே! இரண்டில் எது சரி என்று வாதாட நான் வரவில்லை. ஒரே தொழிற்பெயர் கொண்ட இரண்டு பேரின் வேலை ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. உங்கள் தொழிலில் இது ரொம்பவே உண்மை.

வெல்டிங் ஆபரேட்டர்களின் தகுதித் தேர்வுக்கென்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது, ஐஎஸ்ஓ 14732. கையால் வெல்டிங் செய்பவருக்கு ஐஎஸ்ஓ 9606, இயந்திரத்தால் செய்பவருக்கு இது. இதன் 2013 பதிப்பு ஆரம்பத்திலேயே ஒரு கோடு போடுகிறது. இயந்திரத்தை அமைக்கும் செட்டரும், ஓடும்போது அதை நடத்தும் ஆபரேட்டரும் தேர்வுக்கு உரியவர்கள். தானியங்கி இயந்திரத்தில் பாகத்தை ஏற்றுவது, இறக்குவது மட்டுமே செய்பவருக்கு இந்தத் தரநிலை பொருந்தாது. அதாவது ஆபரேட்டர் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லும் வேலைக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: ஏற்றி இறக்குவது, ஓட்டிக் கவனிப்பது, அமைப்பது. முதல் வேலைக்குப் பரீட்சையே கிடையாது. நண்பரே, பரீட்சை தேவைப்படாத வேலைதான் முதலில் போகும்.

உங்கள் ஷிப்டில் எட்டு மணி நேரம் என்றால், அதில் எத்தனை மணி நேரம் எந்த வேலைக்குப் போகிறது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். தோராயமாக வேண்டாம், நோட்டில் எழுதுங்கள். ஏழு மணி நேரம் ஏற்றி இறக்குவதற்கே போகிறது என்றால் உங்களுக்கு ஆபத்து அந்தச் சதவீதக் கணக்கு சொல்வதைவிட அதிகம். உங்களோடு அதே பதவியில் இருக்கும் ஒருவர் நாளில் மூன்று மணி நேரம் நாசிலை (ஒயரும் கேஸும் வெளிவரும் முனையை) கழற்றிப் பார்ப்பது, புரோகிராமில் புள்ளியைத் திருத்துவது, வெட்டிப் பார்த்த சாம்பிளை நோட்டில் பதிவது என்று இருந்தால் அவர் நிலைமை வேறு. இணையம் உங்கள் இருவருக்கும் ஒரே சதவீதத்தைத்தான் காட்டும்.

இந்தத் தொழிலில் இயந்திரம் ஒரேயடியாக வந்ததும் இல்லை. சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டிங் 1930-களிலேயே வந்துவிட்டது. ஃபிளக்ஸ் என்ற பொடிக் குவியலுக்குள் ஆர்க் என்ற மின்சாரச் சுடர் எரிய, வண்டி தானாக நகர்ந்துகொண்டே போகும். இரண்டாம் உலகப் போரில் கப்பல்களையும் டாங்கிகளையும் அதை வைத்துப் பற்றவைத்தார்கள். 1969-இல் அமெரிக்காவின் லார்ட்ஸ்டவுன் கார் தொழிற்சாலையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் யூனிமேட் ரோபோக்களை ஸ்பாட் வெல்டிங்குக்கு நிறுத்தியது. அப்போதிலிருந்து ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு துண்டாக வேலை கைமாறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஆறு வருடம் ஸ்பாட் வெல்டிங்கில் இருந்தவர், இது உங்கள் கண் முன்னாலேயே நடந்திருக்கும். டிப் என்ற செம்பு முனை தட்டையாகி விரிந்தால் அதே மின்னோட்டம் பெரிய பரப்பில் பரவி, நக்கெட் (தகடுகளைப் பிடித்து நிற்கும் உருகிய புள்ளி) சிறுத்துவிடும். அதற்காக ஒரு காலத்தில் ஆபரேட்டர் டிப்பை அரத்தால் ராவி, கரன்ட்டைக் கொஞ்சம் ஏற்றி வைப்பார். இப்போது கன்ட்ரோலரே இத்தனை ஸ்பாட்டுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து கரன்ட்டை ஏற்றுகிறது, ரோபோவே டிரெஸ்ஸர் என்ற கருவியிடம் போய் டிப்பைச் சீவிக்கொண்டும் வருகிறது. அந்தத் துண்டு போனபோது யாரும் செய்தி போடவில்லை.

அப்படியானால் எது போகாது? இங்கேதான் 'எடுத்துப் பார்த்து' வருகிறது. நல்ல ஆர்க் வெல்டிங் ரோபோ போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கும். பாகம் அப்படி நிற்காதே! இணைப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கிருந்து ஒயர் தடிமனில் பாதிக்கு மேல் விலகக் கூடாது என்பது இந்தத் தொழிலின் கைக்கணக்கு. 1.2 மில்லிமீட்டர் ஒயர் என்றால் 0.6 மில்லிமீட்டர். பிரஸ்ஸில் வளைத்த தகடு எழும்புவது, வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறு, ஜிக்கின் தேய்ந்த பின், முந்தின வெல்டிங்கின் சூட்டில் இழுத்துக்கொண்ட சட்டம் எல்லாம் சேர்ந்தால் அந்த 0.6 சுலபமாகக் காலியாகிவிடும். ரோபோ அசையாத கையோடு தப்பான இடத்தில் ஒழுங்கான வெல்டிங் போட்டுக்கொண்டே இருக்கும்.

இருபது வருடத்துக்கு முன்னால் நான் வெல்டிங் இன்ஜினியராக இருந்த ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிராக்கெட்டில் திடீரென்று ஓட்டை விழ ஆரம்பித்தது. எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். புரோகிராம் மாறவில்லை, ஒயர் அதே ஒயர், வெல்டிங்கைக் காற்று படாமல் காக்கும் கேஸ் நிமிடத்துக்கு 15 லிட்டர், சரியாக இருந்தது. நாங்கள் இரண்டு நாள் வோல்டேஜையும் ஒயர் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஓட்டை நின்றால் பற்றாமல் போகிறது, பற்ற வைத்தால் ஓட்டை விழுகிறது. மூன்றாம் நாள் அந்தச் செல்லின் ஆபரேட்டர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "ஓட்டை விழுந்ததை எல்லாம் தனியா எடுத்து வெச்சேன் சார். எல்லாத்துலயும் உள்பக்கம் ரெண்டு புள்ளி அடிச்சிருக்கு. நல்லதுல ஒரு புள்ளிதான் இருக்கு" என்றார். பிரஸ் ஷாப்பில் அதே பாகத்துக்கு இரண்டு டை (தகட்டை வெட்டும் அச்சு) இருந்தன, இரண்டு புள்ளி இரண்டாவது டையின் அடையாளம். இரண்டாவது டையின் முனை மழுங்கி, ஓரத்தில் பிசிறு விட்டது. பிசிறு இருந்ததால் இரண்டு தகடும் ஒட்டி உட்காரவில்லை, இடைவெளி விழுந்தது. டையைச் சாணை பிடித்ததும் ஓட்டை நின்றது. அவரை யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. பார்த்தார், சந்தேகப்பட்டார், பிரித்து வைத்தார்.

இதையும் இயந்திரம் செய்யாதா என்று கேட்பீர்கள். ஓரளவு செய்யும். ஒயர் நுனியால் பாகத்தைத் தொட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது, லேசர் கண் வைத்து இணைப்பைத் தேடிப் பின்தொடர்வது, கேமராவால் வெல்டிங்கின் மேற்பரப்பைச் சோதிப்பது எல்லாம் இன்றைக்கே விலைக்குக் கிடைக்கின்றன. பாகத்தை ஸ்கேன் செய்து பாதையைத் தானே போட்டுக்கொள்ளும் ரோபோவும் வந்துவிட்டது. உங்கள் கண் செய்யும் வேலையில் மேலோட்டமான பகுதி இவற்றிடம் போய்க்கொண்டிருக்கிறது. கேமரா 'இதில் ஓட்டை இருக்கிறது' என்று சொல்லிவிடும். ஏன் விழுந்தது என்று கேட்டு, பிரஸ் ஷாப் வரைக்கும் நடந்து போய், அங்கே இருப்பவரோடு சண்டை போடாமல் பேசி, டையைக் கழற்ற வைக்க ஓர் ஆள் வேண்டும். பாகம் வெளியே போய் உடைந்தால் பதில் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இதிலும் ஒரு கஷ்டத்தை மறைக்க மாட்டேன். அப்படிப்பட்ட ஆள் செல்லுக்கு ஒருவர் தேவையில்லை. பின்னால் நான் வேலை பார்த்த இன்னோர் இடத்தில் ஒன்பது செல்லுக்கு ஒன்பது பேர் இருந்தார்கள். ஏற்றி இறக்குவது தானாக நடக்க ஆரம்பித்த பிறகு ஒன்பது செல்லையும் மூன்று பேர் பார்த்துக்கொண்டார்கள். மீதி ஆறு பேரில் நான்கு பேரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், இரண்டு பேர் போய்விட்டார்கள். அந்த இருவரும் திறமை குறைந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சிக்குக் கூப்பிட்டபோது வரவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான். வற்புறுத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

ரோபோவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். வெல்டிங் வேலையைக் குறைப்பதில் டிசைனுக்கும் பெரிய பங்கு உண்டு. டெஸ்லா நிறுவனம் மாடல் ஒய் காரின் பின்பக்க அடித்தளத்தில் சுமார் 70 பாகங்களை இணைத்துச் செய்ய வேண்டியதை, ராட்சத அச்சு வார்ப்பில் ஒரே துண்டாக எடுக்க ஆரம்பித்தது. அலுமினிய உடல் கொண்ட சில கார்களில் ஸ்பாட் வெல்டிங் இருந்த பல இடங்களில் ரிவெட்டும் பசையும் வந்துவிட்டன. அந்த இடங்களில் வெல்டிங்கே இல்லை, மனிதனா ரோபோவா என்ற கேள்விக்கே இடமில்லை. அதனால் உங்கள் கம்பெனிக்கு ஆர்டர் தருபவர்கள் அடுத்த மாடலில் என்ன செய்யப் போகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருங்கள். சூப்பர்வைசருக்குத் தெரியாவிட்டாலும் டூல் ரூமில் இருப்பவர்களுக்குத் தெரியும். புது ஜிக் வரைபடம் முதலில் அங்கேதான் வரும்.

தொழிலை விடலாமா என்று கேட்டீர்கள். விட வேண்டாம். பதினொரு வருடத்தில் ஆர்க் சத்தத்தைக் கேட்டே ஒயர் சிக்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒயருக்கு மின்சாரம் தரும் கான்டாக்ட் டிப் தேய்ந்தால் வெல்டிங் எப்படி அலையும், கதவைத் திறந்து வைத்தால் காற்றில் கேஸ் கலைந்து எப்படிப் புரை (சிறு சிறு துளைகள்) விழும் என்றெல்லாம் தெரியும். புதிதாக வரும் புரோகிராமருக்கு இவை தெரியாது. வேறு தொழிலுக்குப் போனால் இவ்வளவையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்களிடம் இல்லாதது இதையெல்லாம் எழுத்தில், எண்ணில் சொல்லும் பழக்கம். வெல்டிங் செயல்முறைத் தாளை எடுத்து ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று கேட்டுப் படியுங்கள். வெட்டி, தேய்த்து, அமிலம் தடவிப் பார்க்கும் மேக்ரோ சோதனையைத் தரப் பிரிவில் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெளியே அழகாக இருக்கும் வெல்டிங் உள்ளே பற்றாமல் கிடப்பதை ஒரு முறை பார்த்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் பாகத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

தம்பி விஷயம். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் முதலில் கை வெல்டிங்கைக் கற்கட்டும், பட்டன் அமுக்கும் வேலையில் ஆரம்பிக்க வேண்டாம். உருகிய குட்டை எப்படி நகர்கிறது, எப்போது ஓரத்தைப் பிடிக்கிறது, எப்போது தொங்குகிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்துப் பழகியவன் பின்னால் ரோபோவுக்கும் சரியாகச் சொல்லிக் கொடுப்பான். தொழிற்சாலைக்கு வெளியே இருக்கும் வேலைகளையும் அவனுக்குச் சொல்லுங்கள். பழுது பார்ப்பது, ஏற்கெனவே நிற்கும் குழாயில் இணைப்பது, கப்பலின் அடித்தள அறைக்குள் படுத்துக்கொண்டு செய்வது, ஒரே ஒரு முறை மட்டும் செய்யும் பெரிய கட்டமைப்பு எல்லாம் இயந்திரத்துக்கு இன்னும் கடினமானவை. ஒவ்வொரு முறையும் வேலை வேறு மாதிரி இருக்கும், இடம் நெருக்கடியாக இருக்கும். சின்ன ஒர்க் ஷாப்புகளிலும் கையால் பிடித்து நகர்த்தியே பாதையைச் சொல்லிக் கொடுக்கும் கோபாட்டுகள் வர ஆரம்பித்துவிட்டன. அதை யார் ஓட்டப் போகிறார்கள்? கை வெல்டிங் தெரிந்தவர்தான். உங்கள் தம்பிக்கு அது நல்ல இடம்.

கடைசியாகப் பயிற்சி. போங்கள். சம்பளம் உடனே ஏறாது என்பது உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது, நியாயம்தான். நைட் ஷிப்ட் வீட்டுக்கும் கஷ்டம். எத்தனை மாதம் நைட் ஷிப்ட் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். பெயர் கொடுக்கும்போது மேனேஜரிடம் மூன்று விஷயம் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி முடிந்ததும் டீச் பெண்டன்ட் (ரோபோவுக்குப் பாதை சொல்லிக் கொடுக்கும் கைக்கருவி) உங்கள் கைக்கு வருமா, அல்லது புரோகிராமைத் திருத்த இன்ஜினியர்தான் வர வேண்டுமா? பெண்டன்ட் கைக்கு வராத பயிற்சி இரண்டு மாதத்தில் மறந்துவிடும். அடுத்து, ஐஎஸ்ஓ 14732 தேர்வோ அதற்குச் சமமான தேர்வோ எழுத வைத்து, சான்றிதழை உங்கள் பெயரில் தருவார்களா? சான்றிதழ் வந்த பிறகும், நீங்கள் அந்த வேலையில் தொடர்ந்து இருக்கிறீர்கள் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும், அதையும் விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, எத்தனை மாதம் கழித்துச் செட்டர் பதவிக்கும் சம்பளத்துக்கும் உங்களைப் பரிசீலிப்பார்கள்? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்று வந்தாலும் போதும். ஒன்றுக்கும் பதில் வராவிட்டாலும் பயிற்சிக்குப் போங்கள், ஆனால் அடுத்த கம்பெனியையும் தேட ஆரம்பித்துவிடுங்கள்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நாளை ஷிப்டுக்குப் போனதும் முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.